எங்கள் குடியின் சுவர்

ஒரு பழைய கட்டடத்தை அழிக்கக் கடல் வேண்டாம், மழை வேண்டாம், நாலு மரைக்கார்மாரும் ஒரு திறப்பு விழாவும் போதும். இதை நான் எங்கேயும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. கல்முனைக்குப் பக்கத்து ஊரொன்றில், கடலுக்குக் கிட்டிய தெருவில், என் குசினி யன்னலுக்கு நேரே நடந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியும் பார்த்தேன். பேசியதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை. அத்தனையும் ஆண்களுக்கு. பெண்களுக்கென்று இருந்தது ஒரேயொரு தைக்கா. நோன்பு மாதத்தில் இரவில் தராவீஹ் தொழுவது அங்கே, சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது அங்கே, மருமகளோடு கோபித்துக்கொண்ட மாமி ஒரு பின்னேரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். ஆண்களுக்குச் சந்தி இருக்கிறது, தேத்தண்ணிக் கடை இருக்கிறது, கடற்கரை இருக்கிறது. எங்களுக்கு அந்த நாலு சுவர்தான். அது போனால் வேறு இடமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் ஆண்களுக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை.

கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லை அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய கட்டடம். சுவர் ஒவ்வொன்றும், யன்னலுக்குள்ளால் ஒரு ஆள் கையை நீட்டினால் மறுபக்கம் எட்டாத தடிப்பு. மேலே ஓடு. கிழக்குப் பக்கம், அதாவது கடல் பக்கம், மரக்கதவு போட்ட யன்னல்கள். மேற்கே, தொழும்போது முகம் பார்க்கும் கிப்லாச் சுவரின் உச்சியில் வரிசையாகச் சின்னத் துவாரங்கள். மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து உப்பையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு கிழக்கால் புகுந்து மேற்கால் போகும். கோடையில் கச்சான் காற்று வயல் பக்கமிருந்து சூடாக வந்து மேற்கால் புகுந்து கிழக்கால் போகும். வாடை நனைத்ததைக் கச்சான் காய வைக்கும். கட்டியவர்கள் பள்ளிக்கூடம் போனவர்களா என்று தெரியாது, ஆனால் காற்றைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். இப்போது கட்டுகிறவர்கள் போட்டோவில் எப்படி விழும் என்பதைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள்.

குடி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கரையில் அது தாய்வழி. உம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. கலியாணத்துக்கு வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். வீடு பெண்ணுடையது, குடி பெண்ணால் வருவது, ஆனால் குடிக்காகப் போய் நிர்வாகக் கூட்டத்தில் கதிரையில் உட்காருகிறவர் மட்டும் ஆண். அவர்தான் மரைக்கார். எங்கள் தைக்காவைச் சுற்றி நாலு குடி, நாலு மரைக்கார். எங்கள் குடிக்கு மரைக்கார் என் தம்பி. ஒரு வேலையை ஆறப்போடுவதில் அவனை மிஞ்ச இந்தக் கரையில் ஆளில்லை. அவனைத் தெரிவு செய்தபோது, பொறுமையான ஆள் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

தைக்காவின் நாலு சுவரும் நாலு குடிக்கும் பிரிக்கப்பட்டவை. எப்போதிருந்து என்று யாருக்கும் தெரியாது. நோன்புக்கு முந்திய மாதத்தில் ஒவ்வொரு குடிப் பெண்களும் தங்கள் சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும். சுண்ணாம்பை ஊறப்போட்டு, கஞ்சித் தண்ணி கலந்து, தும்புக்கட்டை முக்கி முக்கி அடிப்போம். யாருடைய சுவர் அதிக வெள்ளை என்று ஒரு போட்டி இருக்கும். மேற்குச் சுவர்க் குடியினர் நீலம் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்று நாங்களும், எங்கள் குடியினர் நேரத்தோடு வந்து நல்ல சுண்ணாம்பை எடுத்துவிட்டார்கள் என்று அவர்களும் பேசிக்கொள்வோம். அந்தப் போட்டியால் சுவருக்கு ஒரு கெடுதியும் வரவில்லை. எத்தனை பூச்சுக் கூடினாலும் அது சுண்ணாம்புதானே.

எங்களுக்கு வந்தது கிழக்குச் சுவர். கடலைப் பார்த்த சுவர். வாடையின் உப்பு முழுவதையும் முதலில் வாங்குவது அது. உள்ளே தொழும்போது எல்லோருக்கும் முதுகுப் பக்கம் இருப்பதும் அதுதான். யாரும் அண்ணாந்து பார்த்து மெச்சுகிற சுவரல்ல. ஆனால் தராவீஹின் நடுவே மூச்சு வாங்கும்போது வயதானவர்கள் எல்லோரும் பின்னால் நகர்ந்து வந்து சாய்வது அதில்தான். கூன் விழுந்த முதுகுக்கு அந்தக் குளிர்ச்சி எவ்வளவு சுகம் என்பது சாய்ந்தவர்களுக்குத் தெரியும்.

நான் ரசாயனம் படிப்பித்தவள். ஓய்வு பெறும்வரை உப்பைப் பற்றிப் பேசிப் பேசியே தொண்டை வறண்டது. கரைந்திருக்கும்போது உப்பு பரம சாது. தண்ணீர் காய்கிற இடத்தில்தான் அது மணியாக உறைந்து, பருத்து, தன்னைச் சுற்றியிருப்பதைத் தள்ளும். சுண்ணாம்பு பூசிய சுவரில் ஈரம் வெளித்தோல் வரை வந்துதான் காயும். ஆகவே உப்பு அந்த வெள்ளைப் பூச்சில் பூத்து, பூச்சையும் உதிர்த்துக்கொண்டு கீழே கொட்டும். காலையில் கூட்டினால் ஒரு சுளகு தூள் வரும். பூச்சுப் போகும், சுவர் தப்பும். அடுத்த வருசம் மறுபடி பூசுவோம். இவ்வளவுதான் விசயம். இதற்குப் பட்டம் தேவையில்லை. தும்புக்கட்டுப் பிடித்த எல்லாப் பெண்களும் செய்துகொண்டிருந்ததுதான்.

சுனாமி வந்தபோது முன் தெருக் கொங்கிரீட் வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. தைக்காவுக்குள் தண்ணீர் கிழக்கு யன்னல்களால் புகுந்து, வடக்கு வாசலால் வெளியேறிப் போய்விட்டது. ஓடுகள் கொஞ்சம் போயின. சுவர் நின்றது. பிறகு பல வருசங்களுக்கு அந்தச் சுவர்கள் உப்பைக் கக்கிக்கொண்டே இருந்தன. நாங்கள் கூட்டிக்கொண்டே இருந்தோம், பூசிக்கொண்டே இருந்தோம். கடைசியில் அது ஓய்ந்தது. அந்தக் கடலையே தாங்கிய கட்டடம் அது. அதை வீழ்த்தியது என்னவென்று கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். கறுப்பு ஹபாயா.

முன்பெல்லாம் தொழுகைக்கு வெள்ளைத் துணி போர்த்திப் போவோம். சுவரில் சாய்ந்தால் வெள்ளையில் வெள்ளை, யார் கண்டது? கால்வரை மூடும் இந்தக் கறுப்பு ஹபாயா அங்கி ஊருக்குள் வந்து எல்லோருக்கும் வழக்கமான பிறகு, சாய்ந்தவர்களின் முதுகில் எல்லாம் சுண்ணாம்பு தெரிய ஆரம்பித்தது. முதலில் முறைப்பாடு வந்தது என் தம்பியின் மகளிடமிருந்து.

“மாமி, இஞ்ச பாருங்க, முதுகெல்லாம் வெள்ள. துபாய்ல இருந்து வந்த ஹபாயா. இதப் போட்டுட்டு இனி எப்பிடி ஒரு கலியாண ஊட்டுக்குப் போற?”

“தட்டினாப் போகும் புள்ள.”

“தட்டினா இன்னும் பரவுது மாமி!”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சுண்ணாம்பு அப்படித்தான். ஆனால் அவள் அதைத் தன் வாப்பாவிடம் சொன்னாள். அவன் அதைக் கூட்டத்தில் சொன்னான். அவன் வாழ்க்கையில் ஆறப்போடாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

நாலு மரைக்கார்மாரும் விழித்துக்கொண்டார்கள். பெண்களின் உடுப்பு அழுக்காகிறதாமே! இத்தனை காலம் கூரை ஒழுகியது, கிணற்று வாளி ஓட்டையாக இருந்தது, ஒருவர் காதிலும் விழவில்லை. உடுப்பில் வெள்ளை படுகிறது என்றதும் தைக்காவைப் புதுப்பித்தே தீருவது என்று முடிவாயிற்று. அதுவும் எப்படி? பழைய முறைப்படி, ஒரு குடிக்கு ஒரு சுவர். வெள்ளை அடிக்கும் போட்டி பெண்களிடமிருந்து ஆண்களிடம் போனது. அதோடு தைக்காவின் கதை முடிந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மேற்குச் சுவர்க் குடியின் மரைக்காருக்கு டைல்ஸ் கடை இருந்தது. இனி என்ன சொல்ல? கிப்லாச் சுவர் முழுக்கக் குளியலறை டைல்ஸ் ஏறியது. வெறும் டைல்ஸ் இல்லை, தங்க நிறத்தில் கொடி ஓடும் டைல்ஸ். உச்சியிலிருந்த காற்றுத் துவாரங்களையும் அடைத்து ஒட்டினார்கள். ஏசி போடப் போகிறார்களாம், துவாரம் இருந்தால் குளிர் போய்விடுமாம். அந்த மரைக்கார் என்னிடம் படித்தவர். உப்புகள் பாடத்தில் பரீட்சை எழுதி அவர் வாங்கிய புள்ளி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதைச் சொன்னால் அவருடைய பேரப்பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். ஒருநாள் வாசலில் வைத்து அவரிடம் சொன்னேன்.

“டீச்சர், நீங்க யோசிக்காதீங்க. டைல்ஸ் உப்புப் பிடிக்காது” என்றார்.

“டைல்ஸ் பிடிக்காது மனே. அதுக்குப் பின்னால இரிக்கிற சுவர் பிடிக்கும்.”

“பின்னால இரிக்கிறது கண்ணுக்குத் தெரியாதே டீச்சர்” என்று சிரித்துக்கொண்டு போனார். நல்ல பதில்தான். அந்தக் காலத்தில் பரீட்சைத் தாளிலும் இப்படித்தான் எழுதுவார்.

வடக்குச் சுவர்க் குடியினர் டைல்ஸுக்குப் போட்டியாக ஒரு பச்சை நிறப் பெயின்டைக் கொண்டுவந்தார்கள். மழை புகாது, வெயில் தாக்காது, துடைத்தால் கண்ணாடி போல மினுங்கும் என்று தகரத்தில் எழுதியிருந்ததாம். தகரத்தில் எழுதியிருப்பதை நம்புகிற மனிதர்கள் நான் சொல்வதை நம்பவில்லை. தெற்குச் சுவருக்கு, பழைய சாந்தைக் கொத்தி எறிந்துவிட்டு, சீமெந்து பூசிப் பூவேலை செய்தார்கள். மரத்தாலான மேற்கூரை தெரிவது அசிங்கம் என்று அதற்குக் கீழே சிலிங் அடித்தார்கள். கட்டடத்தைச் சுற்றியிருந்த மணலை மூடி, சேறு படாமல் கல் பதித்தார்கள். முன்பு மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் இனி போக இடமில்லாமல் சுவரின் காலுக்குள் ஏறத்தானே வேண்டும்? இதை என் தம்பியிடம் கேட்டேன்.

“ராத்தா, இது பொம்பளயள் கதைக்கிற விசயமில்ல. நிருவாகம் முடிவெடுத்திட்டு.”

“தைக்கா ஆருக்குடா?”

“பொம்பளயளுக்கு.”

“அப்ப ஆர் கதைக்கிற?”

அவன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டான். தேத்தண்ணி போட்டதும் ஒரு பொம்பளதான், அதையாவது அவன் யோசித்திருக்கலாம்.

இனி எங்கள் சுவருக்கு வருகிறேன். மற்ற மூன்று குடியும் இப்படி ஜோடித்துக்கொண்டிருக்க, என் தம்பி என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. பளிங்குக்கல் பதிப்பேன் என்றான். பிறகு மரப்பலகை அடிப்பேன் என்றான். பிறகு, பின் சுவர்தானே, தொழும்போது யார் பார்க்கப் போகிறார்கள், ஆறுதலாகச் செய்யலாம் என்றான். யன்னல்களுக்குக் கண்ணாடி போடுவதாகச் சொன்ன ஆள் இன்றைக்கும் கண்ணாடி கொண்டுவந்துகொண்டிருக்கிறார். ஆகவே அந்த வருசம் திறப்பு விழா நடந்தபோது மூன்று சுவர் மினுங்கியது. எங்கள் சுவர் மட்டும் பழைய சுண்ணாம்போடு, பழைய மரக்கதவோடு, முகத்தைக் கழுவாமல் கலியாணத்துக்கு வந்தவள் போல நின்றது.

எங்கள் குடிக்குத் தலை காட்ட முடியவில்லை. கலியாண வீடுகளில் மற்றக் குடிப் பெண்கள் என் மதினியிடம், அதாவது தம்பியின் மனைவியிடம், அவள் பிறப்பால் வேறு குடியென்றாலும் மரைக்காரின் பெண்சாதி என்பதால், “உங்கட சுவருக்கு எப்ப கா நல்ல காலம்?” என்று விசாரித்தார்கள். ஏசி போட்டால் எங்கள் பக்கத்துக் கதவிடுக்கால் குளிர் ஓடிவிடுகிறது என்று முறைப்பாடு வேறு. மதினி வீட்டுக்கு வந்து தம்பியைக் கிழித்துத் தொங்கப்போட்டாள். அவன் அதையும் ஆறப்போட்டான். நோன்பு கிட்டியதும், குறைந்தது வெள்ளையாவது இருக்கட்டும் என்று நானும் மதினியும் இன்னும் கொஞ்சப் பேரும் வழமைபோல் சுண்ணாம்பு அடித்தோம். மற்றவர்களுக்கு அந்த வேலை இல்லை. அவர்கள் கதிரையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாரியில் வாடை வந்தது. அதற்கு நிர்வாகம் முடிவெடுத்தது தெரியாது. முதலில் பச்சைச் சுவரில் கொப்புளம். விரலால் அமர்த்தினால் உள்ளே தண்ணீர் புரளும். ஒரு பிள்ளை விளையாட்டாகக் குத்தினாள், உப்புத் தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. பிறகு அந்தப் பெயின்ட் பெரிய பெரிய தோலாக உரிந்து விழுந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு சுவரின் சதையும் வந்தது. தெற்கே சீமெந்துப் பூவேலைக்குப் பின்னால் தட்டிப் பார்த்தால் வெறும் டப்பாச் சத்தம். ஏசி ஓடும்போது உள்ளே குளிர், வெளியே புழுக்கம். சுவர் வியர்த்து வியர்த்து, சிலிங்குக்கு மேலே ஒரு நாற்றம் பிடித்தது. காற்றுப் பார்க்காத மரத்தில் கறையான் குடும்பம் நடத்தியது. மரைக்கார்மார் வந்து பார்த்தார்கள். வாசனைக்குச் சாம்பிராணி போடச் சொன்னார்கள்.

கச்சான் தொடங்குமுன் வந்த நோன்பில் டைல்ஸ் விழ ஆரம்பித்தது. உள்ளே அடைபட்ட உப்பு காய்ந்து பருத்தால் வேறென்ன செய்யும்? தராவீஹில் நாங்கள் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் இருக்கும்போது முன் வரிசைக்குப் பக்கத்தில் படார் என்று ஒன்று விழுந்து சிதறியது. ஒருவரும் தொழுகையை விடவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகுதான் கத்தினோம். தங்கக் கொடி டைல்ஸ் இருந்த இடத்தில் கையை வைத்தேன். முருகைக்கல் மாவாக என் கைக்குள் வந்தது. கடல் முழுசாக ஏறி நின்றபோது போகாத கல் அது. ஒரு பிடி அள்ளிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

அதன் பிறகு முன் பாதியில் தொழ யாருக்கும் துணிவு வரவில்லை. எல்லோரும் பின்னால் நெருக்கியடித்து, எங்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். முன்பு எங்கள் சுவரைப் பார்த்துச் சிரித்தவர்களும்தான். மதினிதான் சொன்னாள்.

“கதவிடுக்கால காத்து வருது, குளிரப் போகுது. தள்ளி நில்லுங்க கா.”

பெருநாள் கழிந்து ஒரு பொறியியலாளர் வரவழைக்கப்பட்டார். வெளியூர்க்காரர், இளம் வயது. மரைக்கார்மார் நாலு பேரும் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். அவர் சுத்தியலின் பின்பக்கத்தால் சுவர்களைத் தட்டிக்கொண்டு போனார். மேற்கு, வடக்கு, தெற்கு மூன்றும் உள்ளே மாவாகிவிட்டன என்றார். கிழக்குச் சுவருக்கு வந்து தட்டினார். கணீரென்று சத்தம் வந்தது. இன்னொரு இடத்தில் தட்டினார். திரும்பிப் பார்த்தார்.

“கடல் பக்கச் சுவர் இதுதானே? இதுதான் முதல்ல போயிருக்கணும். இதுக்கு என்ன பூசினீங்க?”

என் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

“அது எங்கட குடிச் சுவர் சேர். அதுக்கு நாங்க ஒரு விசேசக் கவனிப்பு.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மதினி சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். மற்ற மூன்று மரைக்கார்மாரும் என் தம்பியைப் பார்த்த பார்வையில், இவன் களவாக ஏதோ வெளிநாட்டு மருந்து பூசியிருக்கிறான் என்ற சந்தேகம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் விட்டதுதான் அந்த மருந்து என்று அவர்களில் ஒருவருக்கும் கடைசிவரை தோன்றவில்லை.

நான் முன்னால் போய், டைல்ஸையும் பெயின்டையும் சீமெந்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, துவாரங்களைத் திறந்து, இரண்டு மூன்று கோடை காய விட்டால் என்ன என்று கேட்டேன். அந்தப் பொறியியலாளர் யோசித்தார். செய்து பார்க்கலாம், பொறுமை வேண்டும், கூரைக்கு முண்டு கொடுக்க வேண்டும் என்றார். பொறுமை என்ற சொல்லைக் கேட்டதும் மரைக்கார்மாருக்குப் பொறுக்கவில்லை. பழைய கட்டடம், ஆபத்து, பெண்களின் உயிர் முக்கியம் என்று ஒரே குரலில் பேசினார்கள். பெண்களின் உடுப்பிலிருந்து பெண்களின் உயிருக்கு வந்துவிட்டார்கள். வாழ்க்கையில் ஒரு தடவை நாலு குடியும் ஒற்றுமைப்பட்டது தைக்காவை இடிக்கத்தான்.

இடிக்க வந்த இயந்திரம் மூன்று சுவரையும் ஒரு காலைப் பொழுதில் முடித்துவிட்டது. அவ்வளவு இலகு. எங்கள் சுவரை மட்டும் விட்டார்கள். மரியாதையால் இல்லை. கடற்கரை ஒழுங்கைப் பக்கம் காணிக்கு ஒரு மதில் தேவைப்பட்டது, இது நிற்கிறதே, கட்டுகிற வேலை மிச்சம் என்று யாரோ சொன்னார்கள். குவிந்து கிடந்த பழைய ஓடுகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, சுவரின் தலையில் மழை இறங்காமல் வரிசையாக வைத்துத் தரும்படி அங்கே நின்ற மேசனிடம் கேட்டேன். வைத்துத் தந்தார்.

அந்த இடத்தில் இப்போது நிற்பது புதுக் கட்டடம். கீழே கடைகள், வாடகைக்கு. மேலே பெண்களின் தொழுகை மண்டபம். தைக்கா என்ற சொல் பழசாகிவிட்டதாம், மண்டபம் என்றுதான் சொல்ல வேண்டுமாம். படி செங்குத்து. முழங்கால் தேய்ந்த எங்களில் பாதிப் பேருக்கு ஏற ஏலாது. ஏறினவர்கள் வந்து சொன்னார்கள், திறக்க முடியாத கண்ணாடி யன்னல், நல்ல குளிர், வெள்ளை படாத சுவர். முதல் மாரி முடிவதற்குள் ஏசிக்குப் பக்கத்து மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்ததையும் சொன்னார்கள். அது ஹபாயாவில் பட்டால் தெரியாது, நிறப் பொருத்தம்.

தம்பியிடம் போய், ஏறமுடியாதவர்கள் எங்கே தொழுவது என்று கேட்டேன். லிப்ட் வைக்கிற யோசனை இருக்கிறது என்றான். அவன் யோசனைகளைப் பற்றி எனக்குத் தெரியும். இந்த நோன்பு பிறந்த அன்று மதினி ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள். புதுக் கட்டடத்துக்கும் எங்கள் சுவருக்கும் இடையே ஒரு பட்டை நிலம், கல் பதிக்க மறந்த மணல். அங்கே விரித்தாள். நானும் விரித்தேன். ஏறமுடியாத எல்லோரும் வந்தார்கள். எந்தக் குடி என்று யாரும் கேட்கவில்லை. மேலே ஓதுவது ஒலிபெருக்கியில் கேட்டது. தொழுதோம். மூச்சு வாங்கியபோது பின்னால் நகர்ந்து சாய்ந்தோம். பிறகு பகலிலும் வரத் தொடங்கினோம். லுஹர் தொழுதுவிட்டு, ஓதிக்கொண்டு, நோன்பு திறக்கும்வரை அங்கேயே இருப்போம்.

ஏற்கனவே பாவனைக்கு வந்துவிட்ட புதுக் கட்டடத்தின் திறப்பு விழாவை நோன்பின் நடுவே, ஒரு இப்தாரோடு வைத்திருந்தார்கள். ஒரு பெரிய இடத்து விருந்தாளி வரவிருந்தார். வாகனம் வந்து நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எங்கள் சுவர் கண்ணில் குத்துகிறதாம். அன்று பின்னேரம் இரண்டு பேர் பெயின்ட் தகரங்களோடு வந்தார்கள். மூடியில் பச்சை வழிந்திருந்தது. வடக்குச் சுவரைத் தின்ற அதே பச்சை. நாங்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தோம். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், போய் என் தம்பியைக் கூட்டிவந்தார்கள்.

“ராத்தா, எல்லாரும் கொஞ்சம் ஒழும்புங்க. பெயின்ட் அடிக்கணும்.”

“எங்களுக்கு ஒழும்ப ஏலா தம்பி.”

“மேல ஏசி போட்டு ஹோல் இரிக்கி. என்னத்துக்கு இந்த மண்ணுக்க இரிக்கிறீங்க?”

“மேல ஏறவும் ஏலா.”

“எங்கட குடிச் சுவர் ராத்தா, மத்த ஆக்களுக்கு முன்னால மானம் போகுது. இண்டைக்கி ஒரு நாளாவது…”

“இதுக்கு விசேசக் கவனிப்பு எண்டு சேர்கிட்டச் சென்னது ஆருடா? அந்தக் கவனிப்பு இதுதான். நீ ஒண்டும் செய்யாம இரி.”

அவன் மதினியின் பக்கம் திரும்பினான். வீட்டுக்காரியாவது தன் பேச்சைக் கேட்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே, “நோன்போட மனிசர ஒழுப்பிறது பாவம்” என்றாள். அவள் கண்ணைத் திறக்கக்கூட இல்லை. வரிசையில் அவனுடைய மாமிமார் இருந்தார்கள், சாச்சிமார் இருந்தார்கள், டைல்ஸ் மரைக்காரின் உம்மாவும் இருந்தார். இவர்களில் யாரைப் பிடித்து அவன் எழுப்புவது? விருந்தாளியின் வாகனச் சத்தம் தெருமுனையில் கேட்டது. பெயின்ட்காரர்கள் தகரங்களைத் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் நழுவிவிட்டார்கள்.

விருந்தாளி மேலே ஏறிப்போனார். பேச்சுகள் நடந்தன. பாங்கு சொல்லி நோன்பு திறந்தோம். எங்களுக்குக் கஞ்சியும் ஈத்தம்பழமும் கீழேயே வந்தன. மேலே கூட்டம் கலைந்த பிறகு என் தம்பி இறங்கி வந்தான். நாள் முழுக்க ஓடித் திரிந்து களைத்திருந்தான். வரிசையின் கடைசியில், மதினிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினான். “குளிரா இரிக்கி” என்றான், யாருக்கென்று இல்லாமல். இந்தச் சுவரில் அவன் சாய்ந்தது அன்றுதான் முதல் தடவை. வேலைக்கென்று வந்ததைத் தவிர, ஆண்களை நாங்கள் தைக்காவுக்குள் விட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் எழும்பிப் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுப் போனான். எங்கள் முதுகுகளில் எல்லாம் வெள்ளை. அவனுடைய வெள்ளை ஜுப்பாவில் ஒன்றும் ஒட்டினதாகத் தெரியவில்லை. ஆண்களுக்கு அது ஒரு வசதி.